"ஓடி என்ன பரிசா வாங்கப் போறே?"

கேள்வி:

வணக்கமுங்க. சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். எனக்கு வயது 43, எடை 68 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிப்ட், நின்றபடியேதான் வேலை. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். போன மாதம் கம்பெனியில் நடந்த முகாமில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர்.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே காலையில் ஓடப் போகிறாள். அதிலிருந்து ஆளே மாறிவிட்டாள், முன்பு போல எரிந்து விழுவதில்லை. "அம்மா, நீயும் ஓடு. டிசம்பர்ல கோயமுத்தூர் மாரத்தான்ல 10 கிலோமீட்டருக்குப் பேர் குடுத்தர்றேன்" என்கிறாள். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் "ஓடி என்ன பரிசா வாங்கப் போறே?" என்று சிரிக்கிறார். மாமியார் "புள்ளை பெத்த ஒடம்பு, ஓடுனா கர்ப்பப்பை எறங்கிப் போயிரும்" என்கிறார். தைப்பூசத்துக்கு வருடா வருடம் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறேன். போய் வந்தால் பத்து நாளுக்கு முட்டி வலி. ஓடினால் முட்டி தேய்ந்துவிடாதா? எங்கப்பா 52 வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்த வெசனம் வேறு. ஓடுவதற்குக் கீழ்பவானி வாய்க்கால் கரை பக்கத்தில் இருக்கிறது, ஆனால் நாய்கள் அதிகம்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது. தும்மினாலோ இருமினாலோ இரண்டு சொட்டுச் சிறுநீர் வந்துவிடுகிறது. இரண்டும் சுகப்பிரசவம். இத்தனை இருக்கிறபோது நான் ஓடலாமுங்களா? ஓடினால் அப்படி என்னதான் கிடைக்கும்?

— ஒரு வாசகி

பதில் (ஈரோட்டில் பணிபுரியும் மூத்த இயன்முறை மருத்துவர்):

அம்மணி, தாராளமாக ஓடலாம். நீங்கள் எழுதியவற்றில் ஓடவே கூடாது என்று சொல்ல வைக்கும் காரணம் எதுவும் இல்லை. ஆனால் ஷூ வாங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய சோலிகள் மூன்று இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். அவர் சிரித்துக்கொண்டு கேட்டாலும் அது நல்ல கேள்வி.

முதலில் அப்பா விஷயம். பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ ஆணுக்கு 55 வயதுக்கு முன்பும் பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்பும் இதயநோய் வந்திருந்தால், மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்து வைப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு 52. கூடவே உங்களுக்குச் சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. அதனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. அங்கே போய் "சும்மா செக்கப்புக்கு வந்தனுங்க" என்று சொல்லாதீர்கள். "ஓடலாம்னு இருக்கறனுங்க, எங்கப்பா 52 வயசுல நெஞ்சுவலியில போயிட்டாரு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுப்பதற்கு அந்தத் தகவல்தான் முக்கியம். ஓடத் தொடங்கிய பிறகும், நெஞ்சை இறுக்குவது போல இருந்தாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, கண் இருட்டினாலோ, அங்கேயே நின்று அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் பக்கத்தில் இதையெல்லாம் "கேஸுங்க" என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

இரண்டாவது, ரத்தம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு மாதவிலக்கு முன்பின்னாக வரும், சிலருக்குப் போக்கும் அதிகமாகும். ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறபோது ஓடினால் இரண்டாம் நிமிடத்திலேயே மேல்மூச்சு வாங்கும். "எனக்கெல்லாம் இது ஒத்து வராது" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள். 12க்குக் கீழே இருந்தால் முதலில் டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை, பிறகு ஓட்டம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். உணவிலிருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் டீ தடுக்கும்.

மூன்றாவதுதான் நீங்கள் கூச்சப்பட்டுக் கடைசியில் எழுதியது. எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம். என்னிடம் முட்டிவலி என்று வருகிற பெண்கள் பலர் இதைச் சொல்ல மாட்டார்கள். நானாகக் கேட்டால் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் இருக்கின்றன. இடுப்புத் தளத் தசைகள் என்போம். பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்கின்றன. தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று கூடும். அதைத் தாங்க முடியாமல்தான் அந்த இரண்டு சொட்டு. ஓடும்போதும் ஒவ்வொரு அடிக்கும் அந்த அழுத்தம் வரும். அதனால் இப்படியே ஓடினால் நனையும், நனைந்தால் கூச்சத்தில் ஓட்டத்தை விட்டுவிடுவீர்கள்.

இந்தத் தசைகளுக்குப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இழுத்து, மேலே தூக்கிப் பிடியுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதை அவசரமாக முடிப்பவர்களுக்குப் பலன் குறைவு. ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையையும் புட்டத்தையும் இறுக்கக் கூடாது. செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும். அதுவரை ஓட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை; இரண்டும் ஒன்றாக நடக்கட்டும். கிளம்புவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு ஒரு பேட் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே ஏதோ கனமாக இறங்குவது போலவோ, கட்டி போலத் தட்டுப்படுவது போலவோ தோன்றினால், ஓடும் முன் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

உங்கள் மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அவர் காலத்தில் பிள்ளை பெற்ற சில நாளிலேயே தண்ணிக் குடம் தூக்கியவர்களும் காட்டு வேலைக்குப் போனவர்களும் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இறங்கியதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். பல பிரசவம், பாரம் தூக்குவது, தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், இவைதான் அதற்குப் பெரிய காரணங்கள். ஓடியதால் மட்டுமே நல்ல நிலையில் இருந்த கர்ப்பப்பை இறங்கியது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. படித்த பெரிய மனிதர்களுக்கே இந்தப் பயம் நெடுநாள் இருந்தது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடித்தவர்கள் களைத்துப் போனதைப் பெரிய விஷயமாக்கி, பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். மறுபடி சேர்த்தது 1960இல். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984இல்தான். ஒலிம்பிக் நடத்தியவர்களுக்குப் புரிய அவ்வளவு காலம் ஆனது என்றால், மாமியாருக்கு ஆறு மாதம் கொடுக்கலாம்.

இப்போது பரிசுக்கு வருவோம்.

முதலில் கிடைக்காததைச் சொல்லிவிடுகிறேன். எடை நீங்கள் நினைக்கிற வேகத்தில் இறங்காது. ஒரு கிலோமீட்டர் ஓடினால், ஏறக்குறைய உங்கள் எடை எத்தனை கிலோவோ அத்தனை கலோரி செலவாகும். மூன்று கிலோமீட்டருக்கு இருநூறு என்று வையுங்கள். ஓடி வந்த தெம்பில் நெய் விட்டு ஓர் ஒப்புட்டு சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எடைக்காக ஓடத் தொடங்குகிறவர்கள்தான் சீக்கிரம் நிறுத்துகிறார்கள். மாதம் முடிந்து தராசில் ஏறி, முள் அங்கேயே நின்றால் மனசு விட்டுப்போகிறது. நீங்கள் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

சர்க்கரையில் நிச்சயம் கைகொடுக்கும். வேலை செய்கிற தசை, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலினின் தயவு இல்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்வரை, இன்சுலின் சொல்வதைத் தசை நன்றாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரேயடியாக ஓடுவதில் பெரிய பயன் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சும்மா இருக்கக் கூடாது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை எல்லையில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டு மாற்றமும் தினமும் அரை மணி நேர நடையும் மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை கொடுத்த இன்னொரு குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடும் நம் ஊர் உடம்பில் பார்த்த கணக்கு என்பதால் இதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன்.

ஆயுளைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 55,000க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஓடுகிறவர்கள் இறக்கும் வாய்ப்பு ஓடாதவர்களைவிட 30 விழுக்காடு குறைவு. இதயநோயால் இறப்பது 45 விழுக்காடு குறைவு. நாளுக்கு ஐந்து, பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் அந்த நன்மை இருந்தது. ஓடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருப்பார்கள், ஆகவே எல்லாப் புகழையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. பாதியைக் கொடுத்தாலும் மோசமில்லை.

உங்கள் மகள் எரிந்து விழுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவக் காரணம் கேட்டால், அரை மணி நேரம் சீராக ஓடும்போது எண்டோகன்னபினாய்டு என்ற பொருளை உடம்பே சுரக்கிறது. கஞ்சாவிலிருக்கும் பொருளுக்கு ஒருவகையில் உறவுமுறை. மனம் லேசாவதில் அதற்குப் பங்கு உண்டு. ராத்திரித் தூக்கமும் நன்றாக வரும். ஆனால் உங்களைப் பொறுத்தவரை வேறொன்று இதையெல்லாம்விடப் பெரிது என்று நினைக்கிறேன். விடியக்காலை எழுந்து சோறாக்கி, கம்பெனி வண்டி பிடித்து, இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பி, மறுபடி அடுப்படி. இந்த நாளில் யாரும் உங்களிடம் எதுவும் கேட்காத அரை மணி நேரம் எங்கே இருக்கிறது? குறை பீஸ் எண்ண வேண்டாம், யாருக்கும் தட்டு வைக்க வேண்டாம். வேலை முடிந்து டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற ஆம்பளையிடம், "உக்காந்து என்ன பரிசு வாங்கிட்டு வந்தீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம்; மனிதருக்கு அது தேவைதான். உங்களுக்கும் தேவை. வீட்டுக்காரர் அடுத்த முறை சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டுக் கிளம்புங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

முட்டிக்கு வருகிறேன். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களையும் ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களையும் போட்டிக்காக ஓடுகிறவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கணக்கு போட்டார்கள். முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இருந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2, போட்டி ஓட்டக்காரர்களில் 13.3. அளவாக ஓடுகிறவர்களின் முட்டிதான் நன்றாக இருக்கிறது. மூட்டுக்குள்ளிருக்கும் குருத்தெலும்புக்கு நேரடியாக ரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தி விடும்போதுதான் மூட்டு நீர் உள்ளே போய் வருகிறது. அசைவுதான் அதற்குச் சாப்பாடு. பழனி நடையில் உங்கள் முட்டி வலிப்பதற்குத் தேய்மானம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. வருடம் முழுக்கக் கம்பெனியில் நின்றுவிட்டு, தை மாதத்தில் திடீரென்று இரண்டு மூன்று நாளில் அத்தனை தூரம் நடந்தால் எந்த முட்டியும் முனகும். முருகன் மேல் பழி இல்லை, பழகாத உடம்பின் மேல்தான். ஆனால் முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ நேரில் காட்டிவிட்டுத்தான் ஓட வேண்டும்.

இந்தப் பழக்கம் என்கிற விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஓட ஆரம்பித்தால் உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ரத்தத்தின் அளவு ஓரிரு வாரத்திலேயே கூடும், மூச்சு இலேசாகும். தசைக்குச் சில வாரங்கள் போதும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதைக் கரைக்கிற வேலையை முதலில் செய்யும், கட்டுகிற வேலை பின்னால்தான் வரும். ஆக மூன்றாம் நான்காம் வாரத்தில் நுரையீரல் "போலாம், போலாம்" என்று சொல்லும்போது கால் எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. அந்த வாரத்தில்தான் முன்னங்கால் எலும்பு வலி என்று ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். "நல்லாத்தானுங்க போயிட்டு இருந்துது" என்பார்கள். காங்கேயம் பக்கத்தில் வாழ்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: காளங்கன்றை நுகத்தில் பூட்டிய அன்றைக்கே முழுப் பாரம் ஏற்றுகிறவர் யாரும் இல்லை, கன்று எவ்வளவு துள்ளினாலும்.

அதனால் வெட்கப்படுகிற அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் வருகிறவரிடம் நேற்று வைத்த குழம்பைப் பற்றி மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தை வார்த்தையாக உடைந்தால் வேகம் அதிகம். அடியைக் குறுக்கி வையுங்கள். காலை எட்டிப் போட்டுக் குதிகாலால் இடித்தால் அந்த அடி முட்டிக்குப் போகும். யாராவது கைவீசி நடந்தே உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும்.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஏழு முறை. கடைசியில் நான்கைந்து நிமிடம் நடந்து முடியுங்கள். அடுத்து இரண்டு நிமிட ஓட்டத்துக்கு இரண்டு நிமிட நடை. நான்காம் வாரம் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் கூட்டாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். ஏழாம் எட்டாம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை, பிறகு ஐந்துக்கு ஒன்று. நிற்காமல் இருபது நிமிடம் ஓடுவது நான்காம் மாதத்தில் வந்தால் போதும். ஏதாவது ஒரு வாரம் ஒன்றரை ஷிப்ட் தொடர்ந்து வந்து, கால் கடுத்தால், அந்த வாரம் முன்னேறாமல் பழையதையே செய்யுங்கள். ஓடாத நாட்களில் இருபது நிமிடம் நடை. ஓடும்போது வலி லேசாக இருந்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் கவலையில்லை. நொண்ட வைக்கிற வலியோ, எலும்பில் விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டக்கூடிய வலியோ வந்தால் நிறுத்திவிட்டு வாருங்கள். கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள், பதினைந்து முறை. ஆடுசதைக்கும் குதிகால் தசைநாருக்கும் அதைவிட மலிவான வைத்தியம் இல்லை. சென்னிமலைப் படி ஏறுவதும் நல்ல பயிற்சிதான். ஆனால் 1,320 படியையும் இறங்குவது முட்டிக்குப் பாரம். ஏறுவது படியில், இறங்குவது பஸ்ஸில் என்று கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் கரை உங்களுக்குக் கிடைத்த பாக்கியம். கோவைக்காரர்கள் ரேஸ்கோர்ஸ் சாலையையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். உங்களுக்கு 200 கிலோமீட்டர் நீள வாய்க்கால், மண் கரை. காலுக்கு மெத்தென்று இருக்கும். கரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் ஒரு காலுக்கே அழுத்தம் விழும், அதனால் போன தடத்திலேயே திரும்பி வாருங்கள், இரண்டு காலுக்கும் சரியாகிவிடும். இப்போது ஆனி, அடுத்து ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும். ஆகஸ்டில் தண்ணீர் விட்ட பிறகு கரையோரம் ஈரமாக இருக்கும். பூச்சி பொட்டு நடமாட்டமும் கூடும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகே போங்கள். தனியாகப் போகாமல் தெருவில் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பேசிப் பார்த்து வேகத்தை அளக்கவும் முடியும்.

நாயைக் கண்டால் ஓடிக் கடக்காதீர்கள். ஓடுவதைத்தான் அது துரத்தும். நின்று, நடையாகி, கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல் மெல்லத் தாண்டுங்கள். கையில் ஒரு சிறு குச்சி இருக்கட்டும், அடிப்பதற்கு இல்லை, தைரியத்துக்கு. தினமும் ஒரே நேரத்தில் போனால் இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாய்களுக்கு நீங்கள் பழகிப்போவீர்கள். பல் பட்டுவிட்டால், கீறல்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

ஷூ ஒன்றுதான் செலவு. விலை உயர்ந்தது வேண்டாம். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். உடுப்புக்கு நான் யோசனை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடைகளில் டிராக் பேண்ட் என்ன விலை என்பது உங்களுக்குத்தான் தெரியும். தடித்த பருத்தி மட்டும் வேண்டாம், வியர்வையில் ஊறிக் கனத்து உரசும். ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம். அதைச் சொல்ல இங்கே பலரும் தயங்குவதால் நான் அழுத்திச் சொல்கிறேன்.

சாப்பாட்டில் புதிதாக எதுவும் தேவையில்லை. அரை மணி நேர ஓட்டத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வந்த பிறகு வழக்கமான சாப்பாடு, அதில் கொள்ளோ பச்சைப் பயறோ கொஞ்சம் கூடுதலாக. மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பு வேகமாக வலுவிழக்கும், உங்களுக்கு அதற்கு இன்னும் சில ஆண்டுகள்தான். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வாரத்தில் சில நாள் களியாகவோ கூழாகவோ சேருங்கள். சர்க்கரை எல்லையில் இருப்பதால் அளவு பார்த்து.

கடைசியாக டிசம்பர். கோயமுத்தூர் மாரத்தான் கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நடப்பது, அதனால் பணம் கட்டுவதில் வீணில்லை. ஆனால் 10 கிலோமீட்டர் இந்த வருடம் வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் போனால் டிசம்பரில் உங்களால் ஓட்டமும் நடையுமாக 5 கிலோமீட்டர் முடிக்க முடியும். அதற்குப் பேர் கொடுக்கச் சொல்லுங்கள். மகளும் அன்றைக்கு அதே 5 கிலோமீட்டரில் உங்களோடு ஓடட்டும், உங்கள் வேகத்தில். கூட்டத்தில் எல்லாரும் முதல் நிமிடத்திலேயே பாய்வார்கள். உங்களை இழுத்துப் பிடிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அதற்கு முன் ஈசிஜியும் ஹீமோகுளோபினும் பார்த்து, முடிவு என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் கணக்கை மாற்றித் தருகிறேன்.